அறுநூற்று ஐம்பத்துமூன்று கிலோ காற்று

குருநகரில் யூலியானா என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கம்பியூட்டர் திருத்துகிறாள் என்பார்கள் சிலர். வெளிநாட்டுக்கு ஏதோ அனுப்புகிறாள் என்பார்கள் வேறு சிலர். பெற்ற தாய் திரேசம்மாவைக் கேட்டாலோ, "உது என்னவோ, நாள் முழுக்க ஒரு பெட்டியோடை சண்டை பிடிக்கிறாள். சண்டைக்குச் சம்பளம் குடுக்கிற கந்தோரும் இருக்குது பாருங்கோ" என்பாள். எல்லாவற்றிலும் அதுதான் உண்மைக்குக் கிட்டின பதில்.

சண்டை அவளுக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, மீன்காரியின் பிள்ளை முன்வாங்கில் இருந்தால் மணக்குது என்று மூக்கைப் பொத்தினாள். அந்த வருடம் முழுக்க யூலி முன்வாங்கை விட்டு அசையவில்லை. ரீச்சர் மாற்றி இருத்தியபோதும் அடுத்த நாள் போய் அதே இடத்தில் குந்தினாள். படிப்பு முடிந்து கூட்டாளிகள் எல்லாரும் கொழும்பு பஸ்ஸில் ஏறினார்கள். இவள், "வேலைக்கு நான் வேணுமெண்டா வேலை இஞ்சை வரட்டும்" என்று வீட்டில் இருந்துவிட்டாள். விசர் பிடித்துவிட்டது என்றது சனம். என்ன செய்வது, பிடித்தால் பிடித்ததுதான். இரண்டு வருடம் கழித்து வேலை உண்மையாகவே வந்தது.

அந்தக் குணம் எங்கிருந்து வந்ததென்று தேடி அலையத் தேவையில்லை. யூலிக்கு ஏழு வயதில் தகப்பன் செபஸ்தியான் காய்ச்சலில் போய்விட்டார். திரேசம்மா அழுது முடித்த கையோடு மீன் துறைக்குப் போய், "எனக்கு ஒரு வேலை தாருங்கோ" என்று நின்றாள். கூடை கழுவக் கொடுத்தார்கள். கழுவினாள். பிறகு தராசில் விட்டார்கள். வள்ளம் கரைக்கு வந்ததும் மீனை நிறுத்துச் சொல்வது அவள் வேலை. விற்கிறவனும் அவள் வாயைப் பார்ப்பான், வாங்குகிறவனும் அவள் வாயைப் பார்ப்பான். அவள் சொன்னால் அது எடை. இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான் நடந்தது. ஒருத்தன் ஒரு தரம் "மறுக்கா நிறு" என்று கேட்டிருந்தால் சொல்லுங்கள்!

யூலி வேலை செய்த கந்தோர் ஸ்ரான்லி வீதியில், ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இருந்தது. முதலாளி சிவதர்ஷன் உடுப்பிட்டிக்காரர். கொழும்பில் பெரிய கம்பனியில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து, ஊர்ப் பிள்ளைகள் எட்டுப் பேரை வைத்து இதைத் தொடங்கியவர். கெட்ட மனிதர் இல்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்ல வேண்டும்.

அவர்கள் 'நிறைகோல்' என்று ஒரு லைப்ரரி செய்திருந்தார்கள். லைப்ரரி என்றதும் புத்தக அலுமாரியை நினைக்க வேண்டாம். இது கம்பியூட்டருக்கு எழுதுகிற நிரல்களின் ஒரு கட்டு. இந்தக் காலத்துத் தராசுகள் புளூரூத்தில் எடையைச் சொல்லும். போனில் இருக்கும் பிரவுசர் அதைக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்வதுதான் நிறைகோலின் வேலை. போனில் புதிதாக எதையும் இறக்கத் தேவையில்லை. ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தால் போதும், தராசு சொல்கிற எடை அங்கே வந்து நிற்கும். வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றுக்கு அது பிடித்துப்போயிற்று. முதலில் குருநகரில் ஒரு சின்ன மீனவர் சங்கத்துக்குத் தராசு கொடுப்போம், சரிவந்தால் மயிலிட்டித் துறை முழுக்கக் கொடுப்போம் என்றார்கள். அந்தச் சின்னச் சங்கத்தில்தான் திரேசம்மா நிறுத்துக்கொண்டிருந்தாள்.

புதுத் தராசு வந்த முதல் நாட்களில் கந்தோர்ப் பெடியன்களே துறையில் நின்று எல்லாம் செய்து காட்டினார்கள். ஒரு குறையும் இல்லை. பெடியன்கள் போன பிறகு முதல் தரம் திரேசம்மா தனியே நிறுத்தாள். கிறகோரி என்பவனின் வள்ளம், சூடை மீன், நாலைந்து கூடை. ஒரு கூடையைத் தூக்கிக் கொட்டிவிட்டுத் திரும்பினால், சங்கத்துப் போனில் கிறகோரியின் பெயருக்கு நேரே அறுநூற்று ஐம்பத்துமூன்று கிலோ சொச்சம் பதிந்து கிடக்கிறது. தராசின் மேலே ஒன்றுமே இல்லை. வெறும் காற்று.

"கிறகோரி கடலையே அள்ளிக்கொண்டு வந்திட்டான்ரா!" என்று ஒருத்தன் கத்த, துறை முழுக்கச் சிரித்தது. திரேசம்மாவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் மீன் வாங்குகிறவர்களில் ஒருத்தன் மெதுவாக வாயைத் திறந்தான். "இண்டைக்குக் காத்துக்கு இவ்வளவெண்டா, இவ்வளவு நாளும் எங்களுக்கு எவ்வளவு காத்தை நிறுத்தவவோ?"

அவ்வளவுதான். அந்த ஒரு சொல் போதும். சங்கத் தலைவர் நீக்கிலாப்பிள்ளைச் சம்மாட்டியார் சிவதர்ஷனுக்குப் போன் போட, அவர் மோட்டார் சைக்கிளில் ஓடி வந்தார். தராசை ஓன் பண்ணினார். கூடையை வைத்தார். எடை சரி. இன்னொன்று வைத்தார். சரி. எல்லாரும் சுற்றி நிற்க, "தராசிலை ஒரு பிழையுமில்லை. பாவிக்கிற ஆக்களின்ரை பிழை" என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கே திரேசம்மாவைத் தராசை விட்டு எடுத்து, கந்தோர்ப் பெடியன்களிடம் பழகின சம்மாட்டியாரின் மருமகனை அந்த இடத்தில் விட்டார்கள். அவளுக்குப் பழையபடி கூடை கழுவுகிற வேலை.

பின்னேரம் வீட்டுக்கு வந்த மகளிடம் அவள் கத்தவில்லை. அதுதான் யூலிக்குப் பயமாக இருந்தது.

"உன்ரை முதலாளி வந்து நாலு பேருக்கு முன்னாலை சொல்லிப்போட்டுப் போறார். நீ சொல்லு பிள்ளை. நான் பிழையா நிறுத்தனானோ?"

இல்லையம்மா என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் யூலிக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"தெரியாதம்மா. பாக்கிறன்."

திரேசம்மா எழும்பி அடுப்படிக்குப் போனாள். அந்தத் 'தெரியாது' அவளுக்கு எவ்வளவு குத்தியிருக்கும் என்று யூலி இரவு முழுக்க நினைத்துக் குமைந்தாள்.

அதுவரை கந்தோரில் நிறைகோலைச் சோதித்த விதத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். மேசையில் ஒரு தராசு, பக்கத்தில் ஒரு சீனிப் பை. யாராவது நிரலில் ஒரு வரியை மாற்றினால், எழும்பிப் போய்ப் போனைத் தட்டி, சீனிப் பையை வைத்து, இறக்கி, "ஆ, சரிவருது" என்பார்கள். அவசரம் என்றால் அதுவும் இல்லை. மெசினே தானாகச் சோதிக்கும்படி ஏன் எழுதவில்லை என்றால் ஒரே பாட்டு: புளூரூத்தை அப்படிச் சோதிக்கேலாது. பிரவுசரில் ஒரு சட்டம் இருக்கிறது. மனிதன் ஒருத்தன் விரலால் தொட்டு, இந்தத் தராசுதான் என்று தெரிவு செய்தால்தான் அது புளூரூத்தைத் திறக்கும். கண்ட கண்ட வலைப்பக்கமெல்லாம் உங்கள் வீட்டுச் சாமான்களோடு கதைக்கக்கூடாது என்பதற்காக வைத்த நல்ல சட்டம். மெசினுக்கு விரல் ஏது?

"அப்ப பிரவுசரின்ரை புளூரூத்தைக் கழட்டிப்போட்டு எங்கடை பொய் புளூரூத் ஒண்டைப் பூட்டுவம்" என்றாள் யூலி. "அதுக்குப் பின்னாலை ஒரு பொய்த் தராசு. நான் சொல்லுற எடையை அது சொல்லட்டும். நிறைகோல் அதைச் சரியா வாசிக்குதோ எண்டு மெசின் பாக்கட்டும்."

பக்கத்து மேசை மின்ஹாஜ் கொடுப்புக்குள் சிரித்தான். தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனத்தோடு இந்த ஊரை விட்டு விரட்டப்பட்டுப் புத்தளத்தில் கிடந்து, திரும்பி வந்து, இது என் ஊர் என்று நாண்டுகொண்டு நிற்கிற வீட்டுப் பிள்ளை அவன். ஆகையால் யூலியோடு அவனுக்கு ஒத்துப்போகும். "உம்மடை அம்மா நேர்மையா நிறுக்கிற மனிசி. நீர் இஞ்சை இருந்து கள்ளத் தராசு செய்யிறீர். சொல்லிக் குடுக்கட்டோ?"

"சொல்லும். முதல் அந்த வயரை இஞ்சாலை தாரும்."

உண்மைத் தராசு என்னென்ன இலக்கங்களை என்ன ஒழுங்கில் அனுப்புகிறது என்று இரண்டு பேரும் இருந்து பிடித்து வைத்தார்கள். பொய்த் தராசு அதையே அப்படியே திருப்பிச் சொன்னது. பிறகு யூலி ஒவ்வொரு சோதனையாக எழுதினாள். தராசு ஓன் ஆகிறது, கூடை ஏறுகிறது, எடை வருகிறது. நடுவில் தொடர்பு அறுகிறது, திரும்ப வருகிறது. பற்றரி சாகிறது. ஒரே பெயரில் இரண்டு தராசு கிட்டக் கிட்ட நிற்கிறது. எவராவது ஒரு வரியைத் தொட்டால் போதும், யாரும் சொல்லாமலே மெசின் எல்லாச் சோதனையையும் ஓட்டும். தேறினது பச்சை, தவறினது சிவப்பு. மாற்றம் எதுவானாலும் சிவதர்ஷன் கையொப்பம் வைத்தால்தான் உள்ளே போகும், சிவப்பு இருந்தால் கையொப்பம் வைத்தாலும் போகாது.

எழுதினது எல்லாம் பச்சை. சிவதர்ஷனுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். "உதவி நிறுவனத்துக்காரர் வரேக்கை இதைத்தான் காட்டவேணும் யூலி! புளூரூத்துக்கு மெசின் சோதனை! கொழும்பிலையே கனபேர் செய்யிறேல்லை!"

யூலிக்குச் சந்தோஷம் வரவில்லை. பச்சை கூடக் கூட ஒரு கேள்வி வளர்ந்தது. நிரலில் பிழை இல்லையென்றால் பிழை யாரில்? அம்மா ஏதாவது செய்திருப்பாளோ? தெரியாமல் எதையாவது அமத்தியிருப்பாளோ? அப்படி ஒரு நினைப்பு வந்ததே, அதற்காகத் தன்னைத்தானே அடிக்க வேண்டும் போல் இருந்தது. இருபது வருடம் தன்னை ஊட்டி வளர்த்த கையை ஊரோடு சேர்ந்து தானும் சந்தேகப்பட்டுவிட்டாளே! வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் யோசனை ஓடியது. இந்தச் சோதனைகளை எழுதினது ஆர்? நான். கந்தோர் ஆட்கள் தராசைப் பாவிக்கிற மாதிரித்தானே எழுதினேன்? அம்மா பாவிக்கிற மாதிரி ஒன்று எழுதினேனா?

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கந்தோர்த் தராசை அடுப்படியில் கொண்டுவந்து வைத்தாள்.

"அம்மா, இதிலை ஒருக்கா நிறுங்கோ."

"என்னைச் சோதிக்கிறியோ?"

"உங்களை இல்லையம்மா. தராசை."

"தராசைச் சோதிக்கிறதெண்டா நீ நிறுத்துப் பாரன். என்னை ஏன் கூப்பிடுறாய்?"

"நான் நிறுத்தாப் பிழை வருகுதில்லை."

திரேசம்மாவின் கையில் இருந்த அகப்பை பாத்திரத்துக்குள் விழுந்தது. "அப்ப நான் நிறுத்தாத்தான் பிழை வருமோ? நீயும் அப்பிடித்தான் சொல்லுறியோடி?"

"ஓம்!" என்று யூலியும் கத்தினாள். இரண்டு பேருக்கும் ஒரே தொண்டை. "நீங்கள் நிறுத்தாத்தான் வரும். வந்தாத்தான் நான் அதைப் பிடிக்கலாம். பிடிச்சாத்தான் உவையளின்ரை வாயை அடைக்கலாம். வருமெண்டு நேந்துகொண்டு நிறுங்கோ!"

திரேசம்மா மகளை முறைத்துப் பார்த்தாள். பிறகு கொல்லைக்குப் போய் ஒரு பிளாஸ்ரிக் கூடையை எடுத்து, தண்ணீரில் முக்கி, சொட்டச் சொட்டக் கொண்டுவந்து தராசில் வைத்தாள். வைத்துவிட்டு, குனிந்து, சுவிச்சைப் போட்டாள்.

"நில்லுங்கோ அம்மா. ஏன் ஓன் பண்ண முன்னம் கூடையை வைச்சனீங்கள்?"

"பின்னை? உந்தச் சுழியப் பொத்தானிலை உப்புத்தண்ணி பட்டா ரெண்டு மாசத்திலை செத்துப்போம். பழைய தராசெல்லாத்திலையும் அப்பிடித்தானே செத்தது. கூடையை வைச்சுப்போட்டு ஓன் பண்ணினா, கூடையோடையே சுழியத்திலை நிக்கும். துறையிலை எல்லாரும் இப்பிடித்தான். நீ சின்னனிலை பாக்கேல்லையோ?"

பார்த்திருக்கிறாள். பார்த்துப் பார்த்துக் கண்ணுக்கே தெரியாமல் போன சங்கதி அது. திரேசம்மா கூடைக்குள் அரிசிப் பையை வைத்தாள். எடை சரி. பையோடு கூடையைத் தூக்கினாள். தராசின் சின்னக் கண்ணாடியில் கழித்தல் இரண்டு கிலோ என்று வந்தது. கூடை இல்லாமல் போனால் கழித்தலில்தானே நிற்கும், அது நியாயம். யூலி போனைப் பார்த்தாள். அறுநூற்று ஐம்பத்துமூன்று கிலோ.

"அம்மா!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

விஷயம் இவ்வளவுதான். தராசு ஒழுங்காகக் கழித்தல் அடையாளத்தோடு அனுப்புகிறது. நிறைகோலில் ஒரேயொரு வரி அந்த அடையாளத்தைப் பார்க்காமல் வாசிக்கிறது. அப்படி வாசித்தால் சின்னக் கழித்தல் இலக்கம் ஒரு பூதமான இலக்கமாகத் தெரியும். கந்தோரில் எப்போதும் வெறும் தராசை ஓன் பண்ணிப்போட்டுத்தான் சாமான் வைப்பார்கள். எடை ஒருநாளும் சுழியத்துக்குக் கீழே போகாது. அதனால் எவருக்கும் தெரியவரவில்லை.

யூலி அன்றைக்கே சோதனையை எழுதினாள். அதற்குத் தலைப்பும் வைத்தாள்: "குருநகர்: கூடையை வைத்த பிறகு ஓன் செய்து, கூடையைத் தூக்கினால், கழித்தல் எடை கழித்தலாகவே வர வேண்டும்." ஓட்டினாள். சிவப்பு. சோதனை சிவப்பில் நின்றதற்கு ஒருத்தி கைதட்டிச் சிரித்ததை வேறெங்கும் காணமாட்டீர்கள்.

திங்கட்கிழமை சிவதர்ஷன் அதைப் பார்த்தார். வரியையும் பார்த்தார். அவர் முகம் கறுத்தது, ஏனென்றால் அந்த வரி அவர் எழுதினது. தொடக்க காலத்தில், தனி ஆளாக இருந்து, அவசரத்தில் எழுதினது.

"இப்பிடி ஆர் தராசு பாவிக்கிறது? தராசோடை வந்த புத்தகத்திலை என்ன போட்டிருக்குது? முதல் ஓன் பண்ணு, பேந்து வை."

"அம்மா பாவிக்கிறா. துறையிலை எல்லாரும் பாவிக்கினம். ஒரு வரிதான் அண்ணை, நான் திருத்திப்போட்டன். நீங்கள் கையொப்பம் வைச்சாச் சரி."

"இப்ப வைக்கேலாது." அவர் கதவைச் சாத்தினார். "யூலி, கொஞ்சம் விளங்கிக்கொள்ளும். நான் உதவி நிறுவனத்துக்காரருக்கும் பாவிச்ச ஆக்களின்ரை பிழை எண்டு சொல்லிப்போட்டன். இப்ப எங்கடை பிழை எண்டா மயிலிட்டி போச்சு. இஞ்சை எட்டுப் பேர் வேலை செய்யினம். எட்டுப் பேரையும் கொழும்பு பஸ்ஸிலை ஏத்தட்டோ?"

"எட்டுப் பேருக்காக என்ரை அம்மா கள்ளியா இருக்கவேணுமோ?"

"கள்ளி எண்டு ஆர் சொன்னது?"

"பேந்து வேறை என்ன சொன்னீங்கள்?"

அவர் நெற்றியைத் தேய்த்தார். "வெள்ளிக்கிழமை சங்கத்திலை கூட்டம். அதுமட்டும் அந்தச் சோதனையை ஓடாமல் தள்ளி வைப்பம். கூட்டம் முடியட்டும். பேந்து சத்தம் போடாமல் திருத்துவம்."

"அம்மாவுக்குச் சத்தம் போட்டுத்தானே சொன்னீங்கள்" என்றாள் யூலி.

மத்தியானம் பார்த்தால், அவரே தன் கையால் அந்தச் சோதனையை 'ஓடாதே' என்று குறித்து வைத்திருந்தார். மற்றதெல்லாம் பச்சை. அது மட்டும் சாம்பல் நிறத்தில், செத்த மீன் மாதிரிக் கிடந்தது. யூலிக்கு வந்த கொதியில் காதெல்லாம் சுட்டது.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அவளை வரச்சொல்லவில்லை. அவள் குருநகர்க்காரி, அவளை யார் வரச்சொல்ல வேண்டும்? தாயோடு போய்க் கடைசி வரிசையில் இருந்தாள். முன்னால் சம்மாட்டியார், உதவி நிறுவனத்து அதிகாரி கீர்த்திகா, சிவதர்ஷன். சிவதர்ஷன் சுவரில் படம் விழுத்தி நன்றாகத்தான் கதைத்தார். அந்தப் பிழை திரும்ப வராமல் பாவனையாளருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுக்கப்போகிறோம் என்றார். பயிற்சி என்ற சொல்லைக் கேட்டதும் திரேசம்மாவின் கை முந்தானையைத் திருகத் தொடங்கியது. பிறகு அவர் சோதனைகளை ஓட்டினார். பச்சை, பச்சை, பச்சை என்று சுவர் நிறையக் கொட்டியது. சனம் ஆவென்று பார்த்தது.

யூலி எழும்பினாள்.

"அண்ணை, கீழை ஒண்டு சாம்பல் நிறத்திலை கிடக்கு. அது ஓடேல்லை. அதையும் ஓட்டுங்கோ."

"அது இன்னும் முடியேல்லை யூலி. இரும்."

"முடிஞ்சுது. நான்தான் எழுதினனான். ஓட்டுங்கோ."

அதிகாரி கீர்த்திகா சுவரைப் பார்த்தாள். "குருநகர் எண்டு போட்டிருக்கு. அது என்ன?"

சிவதர்ஷன் வாய் திறப்பதற்குள் யூலி முன்னால் வந்துவிட்டாள். 'ஓடாதே' குறியை எடுத்தாள். ஓட்டினாள். சுவரில் சிவப்பு விழுந்தது. பிறகு, தராசை மேசையில் தூக்கி வைத்து, ஒரு கூடையை வைத்து, ஓன் பண்ணி, கூடையைத் தூக்கிக் காட்டினாள். போனில் அறுநூற்று ஐம்பத்துமூன்று.

"அண்டைக்குக் கிறகோரி அண்ணையின்ரை பேரிலை விழுந்த காத்து இதுதான்" என்றாள். "தராசு சரியாத்தான் சொன்னது. அம்மா சரியாத்தான் நிறுத்தவா. எங்கடை கந்தோர் எழுதின ஒரு வரி பிழையா வாசிச்சுது. இதிலை பாவிச்ச ஆக்களின்ரை பிழை ஒண்டுமில்லை. இதைத்தான் நான் சொல்ல வந்தனான்."

மண்டபத்தில் ஒரே கசமுசா. "அப்பவே நான் நினைச்சனான்" என்று நாலு பேர் சொன்னார்கள். நினைத்தார்களாம்! அன்றைக்கு ஒருத்தனுக்காவது வாய் வந்ததா? சம்மாட்டியார் தொண்டையைச் செருமினார். மனிதருக்கு இதை எப்படியாவது நல்லபடியாக முடித்துவிட வேண்டும் என்று அந்தரம்.

"சரி சரி. நாளையிலையிருந்து திரேசம்மாவே நிறுக்கட்டும். என்ன திரேசம்மா, இனி முதல் ஓன் பண்ணிப்போட்டு, பேந்து கூடையை வை. அவ்வளவுதானே, முடிஞ்சுது கதை."

எல்லாருக்கும் அப்பாடா என்று இருந்தது. சிவதர்ஷனுக்கும்கூட. திரேசம்மா கடைசி வரிசையில் எழும்பி நின்றாள்.

"மாட்டன்."

"என்ன மாட்டன்?"

"நான் மாத்தமாட்டன் சம்மாட்டியார். பிழை உந்த வரியிலை எண்டு பிள்ளை சொல்லிப்போட்டாள். அப்ப வரியைத் திருத்தட்டும். பிழை விடாத நான் ஏன் திருந்தவேணும்? அது திருந்தினாப் பிறகு நான் தராசுக்கு வாறன். அதுமட்டும் கூடை கழுவுறன். கழுவிப் பழக்கம்தான்."

அதிகாரி கீர்த்திகா சிரிப்பை அடக்கிக்கொண்டு சிவதர்ஷனைப் பார்த்தாள். "அந்த அம்மா சொல்லுறது சரிதானே. அந்தக் குருநகர்ச் சோதனை பச்சையாகட்டும். அதே பேரிலை எனக்குக் காட்டுங்கோ. பிறகு மயிலிட்டியைப் பற்றிக் கதைப்பம்."

வெளியே மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் சிவதர்ஷன் யூலியை மறித்தார். "எல்லாருக்கும் முன்னாலை என்னை வெக்கப்படுத்திப்போட்டீர். திங்கக்கிழமை வரத் தேவையில்லை."

"சரி அண்ணை. நான் வரேல்லையெண்டாலும் அந்தச் சோதனை ஓடும்."

கெட்டித்தனமாகச் சொல்லிவிட்டு வந்தாளே தவிர, வீட்டுக்கு வந்ததும் அழுதாள். வேலை போய்விட்டது. கொழும்புக்குப் போகமாட்டேன் என்று வீம்பு பேசினவள், இனி ஊர்ச் சனத்தின் முகத்தில் எப்படி முழிப்பது? பயமாக இருந்தது. தாய் பக்கத்தில் வந்து இருந்தாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "முதல் சாப்பிடு. சண்டை பிடிக்கிறவளுக்கு வயித்திலை ஏதும் இருக்கவேணும்" என்று மட்டும் சொன்னாள்.

திங்கள் போனது, செவ்வாய் போனது. துறையில் திரேசம்மா கூடை கழுவினாள். சம்மாட்டியாரின் மருமகன் தராசடியில் நின்று, இவளை நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டான். "சும்மா போய் நிறும் மனிசி, உமக்கு என்ன பிடிவாதம்" என்று கிறகோரியே வந்து கெஞ்சினான். "உன்ரை சூடைக் கூடையைக் கழுவவோ, வேண்டாமோ?" என்று கேட்டு அவனை அனுப்பிவிட்டாள். யூலியும் வேலை இல்லாத குறைக்குத் தாயோடு துறைக்குப் போய், சீமெந்துக் கட்டில் குந்திக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

புதன் காலை, வள்ளங்கள் வந்துகொண்டிருக்க, அவள் போன் சத்தம் போட்டது. மின்ஹாஜ். செய்தி அனுப்பவும் பொறுக்காமல் நேரே எடுத்துவிட்டான்.

"பச்சை! குருநகர் பச்சை! பேரும் மாத்தேல்லை! துறையிலை பக்கத்தைத் திறந்து பாரும், புதுசு வந்திருக்கும்."

"நான் எழுதின திருத்தத்துக்குக் கையொப்பம் வைச்சவரோ?"

"இல்லை. அது அப்பிடியே கிடக்கு. அவர் தானே எழுதினவர். விடியப்பறம் வந்து இருந்து எழுதினவர். கீழை ஒரு குறிப்பும் போட்டிருக்கிறார்: 'இந்தப் பிழை என்னுடையது, நிறுத்தவருடையது அல்ல.' பிறகு என்னட்டை வந்து, யூலி எப்ப வாறா எண்டு கேக்கிறார். என்ன சொல்ல?"

"நாளைக்கு வாறன் எண்டு சொல்லும். இண்டைக்கு எனக்கு இஞ்சை ஒரு அலுவல் கிடக்கு."

அவள் சங்கத்துப் போனை வாங்கிப் பக்கத்தைத் திரும்பத் திறந்தாள். தாயிடம் போனாள். திரேசம்மா முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டுக் கூடை கழுவிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, திருத்தியாச்சு."

"ஆர் திருத்தினது? நீயோ?"

"இல்லை. பிழை விட்டவரே திருத்தினவர். தன்ரை பிழை எண்டு எழுதியும் போட்டிருக்கிறார்."

திரேசம்மா கையை உதறினாள். சட்டையில் துடைத்தாள். தராசடிக்கு வந்தபோது மருமகன் விலகி நின்றான். கிறகோரி முதல் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். துறை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது.

"அப்ப சரி" என்றாள் அவள் மகளிடம். "தள்ளி நில்லு, வழியிலை நிக்காதை."

வெறும் கூடையொன்றை எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்டத் தராசில் வைத்தாள். அதன் பிறகுதான் குனிந்து சுவிச்சைப் போட்டாள்.